வெறும் வரிசை

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டது என்பதால் அல்ல. ஒரே ஒரு முறை அந்தப் பெயரை என் கையால் எழுதியிருக்கிறேன், அது ஒரு குற்றச்சாட்டுத் தாளில். இன்னொரு தடவை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

எழுபதுகளின் பிற்பாதி. கொடைக்கானலிலிருந்து பேத்துப்பாறைக்கு இறங்குகிற வழியில், வெள்ளைக்காரப் பாதிரிமார் காலி செய்துவிட்டுப் போன ஒரு பங்களாவில் ஓர் அறக்கட்டளை சின்ன ஆய்வுக்கூடம் நடத்திக்கொண்டிருந்தது. இன்றைக்கு அந்த அறக்கட்டளையும் இல்லை, கட்டடமும் இல்லை. மதுரையில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு நான் அங்கே டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அக்காவுக்குக் கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை என்று பதிவேட்டில் இருந்தது. உண்மையில், சேவலின் இறக்கை நரம்பில் ரத்தம் எடுப்பது, அதை உப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசுவது, குழித்தட்டில் சொட்டு விடுவது, முக்கால் மணி நேரம் கழித்துக் குனிந்து பார்த்து என்ன வந்திருக்கிறது என்று சொல்வது, எல்லாம் அவர்தான். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கீழே என் கையெழுத்து, அதற்கும் கீழே டைரக்டரின் கையெழுத்து. எனக்கு அப்போதே கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் இப்போது படுகிறேன்.

டைரக்டர் மெட்ராஸ்காரர். சொல்லித் தருவதில் கெட்டிக்காரர், பார்க்க யாராவது வந்துவிட்டால் இன்னும் கெட்டிக்காரர். "ஒவ்வொரு செல்லுக்கும் மேல புரோட்டீன் இருக்கு. அந்தப் புரோட்டீன்ல சர்க்கரைச் சங்கிலி தொங்குது. சங்கிலி சரியா அமையலேன்னா செல் ஒழுங்கா வளராது. இதுல வேடிக்கை என்னன்னா, வைரஸும் அதே சங்கிலியைப் பிடிச்சுத்தான் உள்ள நுழையுது" என்பார். மலையில் விளைகிற சிவப்பு பீன்ஸ் விதையில் ஒரு புரோட்டீன் இருக்கிறது. அதுவும் அந்தச் சர்க்கரையைத்தான் பிடிக்கும். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் விட்டால் அவை தூண்டப்பட்டுப் பெருகும், சிவப்பு அணுக்களில் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பீன்ஸ் முந்திக்கொண்டு சர்க்கரையைப் பிடித்துவிட்டால் வைரஸுக்குப் பிடி கிடைக்காமல் போகுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நல்ல கேள்வி. அந்த ஆளின் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், அது நல்ல கேள்வி.

பார்க்கும் முறை எளிது. குழிக்குள் சேவல் ரத்தத்தின் சிவப்பு அணுக்களை விட்டு வைத்தால், சும்மா இருக்கும்போது அவை சரிந்து இறங்கி அடியில் ஒரு சிவப்புப் புள்ளியாக உட்காரும். அக்கா அதைப் பொட்டு என்பார். வைரஸ் இருந்தால் அது அணுக்களை ஒன்றோடொன்று கோத்துவிடும். பொட்டு விழாது, குழி முழுக்க மெல்லிய விரிப்பாகப் படிந்துவிடும். பீன்ஸ் சாறு விட்டாலும் இதே விரிப்புதான். அதனால் எந்தத் தட்டிலும் ஒரு வரிசையில் எதுவும் கலக்காமல் ரத்தமும் உப்புத் தண்ணீரும் மட்டும் விட்டு வைக்க வேண்டும். அந்த வரிசையில் பொட்டு விழுந்தால்தான் மற்ற வரிசைகளை நம்பலாம். டைரக்டர் அதைக் கன்ட்ரோல் என்றார், அக்கா வெறும் வரிசை என்றார்.

அக்காவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அவர் எங்கே போனாலும் வெறும் வரிசையைக் கேட்டார். ஆய்வுக்கூடத்தோடு விட்டிருந்தால் ஊர்ப் பகையாவது வந்திருக்காது. கோயிலிலும் கேட்டார். மூன்று வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடத்தியதால் மழை வந்தது என்று பாஸ்டர் சாட்சி சொன்னபோது, பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, "ஜெபம் நடக்காத வெள்ளிக்கெழமையில மழை வந்துச்சா இல்லியான்னு யாராச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா ஐயா?" என்றார். கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். அதன்பிறகு பாதிப் பேர் அவரோடு பேசுவதை விட்டார்கள். எங்கள் ஜீப் டிரைவர் பழனியிலிருந்து ஏதோ தைலம் வாங்கி வந்து முட்டி வலி ஐந்தே நாளில் போய்விட்டது என்றபோது, "போன மார்கழியில வலிச்சப்ப தைலம் போடல. அப்ப எத்தன நாளு?" என்று கேட்டார். டிரைவர் யோசித்து, "அப்பவும் அஞ்சாறு நாளுதான்" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காகவே ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்.

எனக்கும் எரிச்சல் வரும். ஒருநாள், "ஏன்க்கா எல்லாத்துலயும் இப்படிக் கொடையிறீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேற்றி அனுப்பப்பட்டு இங்கே வந்தவர். கொழுந்து எடை போடும் இடத்தில் கணக்கப்பிள்ளை கூடைக்கென்று ஒரு எடையைக் கழிப்பாராம். கூடையின் எடையை யாரும் நிறுத்துப் பார்த்தது கிடையாது, அவர் சொன்னதுதான் எடை. "எனக்குப் பதினாலு வயசு. வெறுங்கூடைய மொதல்ல தராசுல தொங்கவிடுங்க, பொறவு கழிங்கன்னேன். பளார்னு ஒண்ணு விட்டாரு" என்றார்.

"அப்புறம்?"

"மறுநாளும் கேட்டேன். அடி வாங்கிட்டுக் கேக்காம வுட்டா, அடிச்சது சரின்னு ஆயிருமில்ல மிஸ்."

அந்தக் கன்னத்தில் தழும்பு எதுவும் இல்லை. இருந்திருந்தால் என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் மரியாதையாவது கொடுத்திருப்போம்.

இனி கோழிகளுக்கு வருகிறேன். எங்கள் பங்களாவுக்குக் கீழே, சிலோனிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஒரு குடியிருப்பு. அக்காவின் வீடும் அங்கேதான். அறக்கட்டளை அந்தப் பெண்களுக்கு வெள்ளைக் கோழிகளைக் கொடுத்திருந்தது. கொடுக்கும்போது போட்டோ எடுத்தார்கள், ஒரு தாளில் கைநாட்டும் வாங்கினார்கள். தேவைப்பட்டால் கோழிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்ததை யாரும் அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை. கூலி வேலைக்குப் போய் வந்த பெண்கள் அவற்றைப் பிள்ளைகள் மாதிரி வளர்த்தார்கள். முட்டை கொடைக்கானல் கெஸ்ட் ஹவுஸ்களுக்குப் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு கோழிகள் செத்தன. ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். டைரக்டர் பார்த்த மாத்திரத்தில் வெள்ளைக் கழிச்சல் என்றார். கோழிகளைக் கூண்டோடு கொண்டுபோகும் வைரஸ் நோய் அது. அறுத்துப் பார்த்தபோது அக்கா பக்கத்தில் நின்றார். இரைப்பையில் சிவப்புச் சக்கை இருந்தது.

"சார், இது நம்ம பீன்ஸ் சக்கை. சாறு எடுத்துட்டு மிச்சத்த வேலிக்கு அந்தாண்ட கொட்டுனது நாந்தான். பச்சை பீன்ஸ் மனுசனுக்கே ஆவாது, வாந்தி எடுக்கும். அதத் தின்னுட்டுச் செத்திருக்கும்" என்றார். தன் தப்பைத் தானே எடுத்துச் சொல்கிற அந்தப் பழக்கம் அவருக்கு எதற்கு உதவியது என்று பின்னால் பார்க்கலாம்.

டைரக்டர் கேட்கவில்லை. கோழியிலிருந்து எடுத்ததைக் கரு வளரும் கோழிமுட்டைகளில் ஊசி போட்டு வளர்த்து, அந்த முட்டை நீரைச் சனிக்கிழமை சோதனைக்கு வைத்தோம். அன்று சேவலிலிருந்து ரத்தம் குறைவாகத்தான் கிடைத்தது. "கன்ட்ரோல் வேண்டாம், ரத்தத்த வேஸ்ட் பண்ணாதீங்க" என்றார் டைரக்டர். முக்கால் மணி நேரத்தில் எல்லாக் குழியும் விரிந்திருந்தது. முதல் குழி முதல் கடைசிக் குழி வரை.

அக்கா தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "குழிக்குக் குழி தண்ணி சேத்துச் சேத்து முட்டைத் தண்ணியக் கொறச்சுக்கிட்டே போறோம். கடைசியில ஒரு பொட்டாவது விழுந்திருக்கணுமே. வெறும் வரிசை போட்டுப் பாப்போம் சார்."

"உனக்குக் குடுத்த வேலையப் பாரும்மா" என்றார் டைரக்டர். குடியிருப்பின் கோழிகள் எல்லாவற்றையும் திங்கட்கிழமையே எடுத்துப் புதைக்க வேண்டும் என்று அன்றே உத்தரவு போட்டார். பரவிவிடும் என்றார். அறக்கட்டளைக்குத் தந்தி கொடுத்தார். உறுதிசெய்வதற்காக மீதி முட்டை நீரை மலைக்குக் கீழே ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பதில் வரும்வரை காத்திருக்கலாமே என்று கேட்க அந்த அறையில் வாய் இருந்தது அக்காவுக்கு மட்டும்தான். எனக்கும் வாய் இருந்தது, சாப்பிடுவதற்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்கா என் அறைக் கதவைத் தட்டினார். "வாங்க மிஸ். நீங்க பக்கத்துல இருந்து பாக்கணும்." சேவலிலிருந்து கொஞ்சமாக ரத்தம் எடுத்தார். இரண்டு வரிசை. இரண்டிலும் உப்புத் தண்ணீரும் ரத்தமும் மட்டும். ஒரு வரிசைக்கு, சனிக்கிழமை பயன்படுத்திக் கொதிக்க வைத்திருந்த பைப்பெட், அதாவது சொட்டு விடும் கண்ணாடிக் குழாய். அடுத்த வரிசைக்கு, பெட்டியிலிருந்து பிரித்த புதுப் பைப்பெட். காத்திருந்தோம். வெளியே மஞ்சு இறங்கி ஜன்னலை மூடிக்கொண்டிருந்தது.

புதுப் பைப்பெட் வரிசையில் குழிக்கு ஒன்றாக அழகான பொட்டு. பழைய பைப்பெட் வரிசை முழுக்க விரிப்பு. வைரஸே இல்லாத குழிகளில்.

"பீன்ஸ் சாறு. பைப்பெட்டுலயே ஒட்டிக் கெடக்கு" என்றார் அக்கா. பீன்ஸ் சாற்றுக்கும் வைரஸுக்கும் நாங்கள் ஒரே பைப்பெட்டுகளைத்தான் பயன்படுத்தினோம். நடுவில் பத்து நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும் என்று டைரக்டர் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியிருந்தார். மெட்ராஸில் பழகிய கணக்கு அது. மலையில் தண்ணீர் வெரசா கொதிக்கும், ஆனால் சூடு பத்தாது. பிரஷரில் வேகவைக்கும் ஆட்டோகிளேவின் ரப்பர் வளையம் பிய்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. "பத்து நிமிசத்துல இங்க பீன்ஸ் தோலுகூட வேவாது சார், ஒரு மணி நேரமாவது வேணும்" என்று அக்கா பல தடவை சொல்லியிருக்கிறார். டைரக்டர் இல்லாத நாட்களில் ஒரு மணி நேரம் கொதிக்கவும் வைப்பார். அந்த மாதம் மண்ணெண்ணெய் தட்டுப்பாடு என்று பத்து நிமிடத்துக்கு மேல் ஸ்டவ் எரியக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டிருந்தார். இந்த மலையில் சமைத்துச் சாப்பிடுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம், டாக்டர் பட்டம் வாங்கியவருக்குத் தெரியவில்லை. தெரியாதது குற்றம் இல்லை. சொன்னவரின் வேலை கழுவுவது என்பதால் காது கேளாமல் போனது குற்றம்.

தட்டை நான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அக்கா பின்னால் வர, டைரக்டரின் வீட்டுக்கு நடந்தோம். வாசலிலேயே நின்று பார்த்தார். அக்கா விளக்கினார். "செல்லுக்கு மேல இருக்கிற சீனியத்தான் நோவு புடிக்குதுன்னு நீங்கதான் சொன்னீங்க. பீன்ஸும் அதே சீனியத்தானே புடிக்குது. அப்ப அன்னிக்குப் புடிச்சது நோவா பீன்ஸான்னு எப்படிச் சார் சொல்றது?"

இதைவிடச் சரியாக எந்தப் புத்தகமும் அந்த விஷயத்தைச் சொன்னதில்லை. டைரக்டர் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே? நீ சயின்ஸ் படிச்சவ."

நான் சொல்ல வேண்டியது ஒரே வரி. ஆமாம் சார், என் கண்ணால் பார்த்தேன். அவ்வளவுதான். அவர் கண்ணில் என் வேலை தெரிந்தது. ஊரில் அப்பாவுக்கு வேலை போயிருந்ததும், தங்கையின் படிப்பும் தெரிந்தன.

"எனக்குச் சரியாத் தெரியல சார்" என்றேன்.

தட்டை வாங்கி, வாசல் குழாயடியில் கவிழ்த்தார். "குளிர்ல இப்படித்தான் ஆகும்" என்றார். அக்கா என்னைத் திட்டவில்லை. காலித் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.

திங்கட்கிழமை வெள்ளனே சாக்குகளோடு ஆட்கள் போனார்கள். பெண்கள் கத்தவில்லை, அழவில்லை. கப்பலில் ஏறச் சொன்னபோது ஏறி, இறங்கச் சொன்னபோது இறங்கிப் பழகியவர்கள். "நல்லா மேஞ்சிக்கிட்டிருந்த கோழிங்கதானே ஐயா" என்று ஒரே ஒரு கிழவி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். அக்காவின் வீட்டு முறை வந்தபோது அவர் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வாசலில் நின்றார். உள்ளே மூன்று கோழிகள்.

"தர ஏலாது. இதுங்கதான் வெறும் வரிசை. செத்த கோழியோட சேந்து மேஞ்சதுங்க. நோவு இருந்தா இதுங்களும் சாவும். செத்தா நானே கொண்டாந்து தாரேன். சாவலேன்னா, இவங்களுக்கு நீங்க என்ன பதில் சொல்றதுன்னு யோசிச்சு வைங்க."

ஆட்கள் விட்டுவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து அக்கா தினமும் ஒரு முட்டையைக் கொண்டுவந்து டைரக்டரின் மேஜைமேல், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு, "இன்னிக்கும் சாவல சார்" என்பார். அவ்வளவுதான், போய்விடுவார். மூன்று வாரம் இது நடந்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பும் பயமுமாக இருக்கும். டைரக்டர் அந்த முட்டைகளை என்ன செய்தார் என்று தெரியாது. சாப்பிட்டிருப்பார்.

மூன்றாவது வாரம் கீழேயிருந்து கடிதம் வந்தது. அனுப்பிய நீரில் வைரஸ் எதுவும் இல்லை. அறக்கட்டளை விளக்கம் கேட்டது. அன்று மத்தியானம் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். அக்கா பீன்ஸ் சக்கையைக் கோழிகள் தின்னும்படி வெளியே கொட்டியது, அதை அவரே ஒப்புக்கொண்டது. பைப்பெட்டுகளைச் சரியாகக் கழுவாமல் சோதனையைக் கெடுத்தது. உத்தரவை மீறிக் கோழிகளை ஒளித்து வைத்தது. எழுதி முடித்ததும் தாளை வாங்கிப் படித்துவிட்டு என் பக்கம் திருப்பி வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். பத்து நிமிட உத்தரவு அப்போதும் சுவரில் ஒட்டியிருந்தது.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல எம்பேரு எது மிஸ்?" என்றார். விரல் வைத்துக் காட்டினேன்.

"அன்னிக்கு வெறும் வரிசை போடலன்னு எழுதியிருக்கா?"

"இல்லக்கா."

"ஞாயித்துக்கெழம நம்ம போட்டது?"

தலையாட்டினேன், இல்லை என்று.

"சேவலுக்கு ரெண்டு வாரத்துக்கு ஊசி குத்தாதீங்க. நெறைய எடுத்துட்டோம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போட்டிருந்த மேலங்கியைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். குடியிருப்பில் பாதிப் பேர், கோழிகள் போனதற்கு இவர்தான் காரணம் என்று நம்பினார்கள். அப்படித்தான் அவர்களுக்குப் படித்துக் காட்டப்பட்டது. இந்தத் தடவை மட்டும் ஒரு தாளைத் தமிழாக்கிச் சொல்ல ஆள் கிடைத்தது.

நான் ஒரு வருடத்தில் வேலையை விட்டு மேலே படித்து, மதுரையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் டைரக்டரின் கட்டுரை ஒன்று வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. செல்லின் சர்க்கரையும் அதன் வளர்ச்சியும் வைரஸும் பற்றியது. நன்றி சொல்லும் பகுதியில் சேவலுக்குத் தீவனம் கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. செய்முறையில் ஒரு வரி: மலை உயரத்தின் காரணமாகப் பைப்பெட்டுகள் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கப்பட்டன. யார் சொல்லி என்று இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடத் தோன்றியது. நூலகப் பத்திரிகை என்பதால் மூடி வைத்தேன். என் வீரமெல்லாம் எப்போதும் இந்த அளவுதான்.

பின்னால் ஒரு தடவை மாணவிகளைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போயிருந்தேன். வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் மத்தியானச் சாப்பாடு. கை கழுவப் பின்பக்கம் போனால், குழாயடியில் அக்கா எங்கள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"மிஸ்ஸா? நல்லாருக்கீங்களா? சாம்பார்ல பீன்ஸ் நல்லா வெந்திருந்துச்சா?"

மூன்று கோழிகளும் எவ்வளவு நாள் இருந்தன என்று கேட்டேன். ஒன்றை நரி கொண்டுபோனது, மற்ற இரண்டும் மூப்பாகி முட்டை நின்று போகும்வரை இருந்தன என்றார். குடியிருப்பில் இப்போது பேசுகிறார்களா என்று கேட்டேன். சில பேர் பேசுகிறார்கள் என்றார். பிறகு எத்தனையோ வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு நான் உண்மையச் சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்க்கா. கோழியும் போயிருக்கும், என் வேலையும் போயிருக்கும். உங்களையும் விட்டிருக்க மாட்டார். ஒண்ணும் மாறியிருக்காது."

அக்கா கையிலிருந்த தட்டைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தார். கோபமே இல்லாமல், பாஸ்டரிடம் மழையைப் பற்றிக் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"அது எப்படி மிஸ் தெரியும்? சொல்லாத வரிசைய மட்டுந்தானே நம்ம பாத்தோம். சொன்ன வரிசை எங்க?"

அவர் அடுத்த தட்டை எடுத்தார்.